எண்பத்துநான்கு மீட்டர்

மதுரையை விட்டுக் கிளம்பிப் பதினோரு நிமிடம் ஆகிறது, இன்னும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியது நான்கே சொல்: நீ அதைத் திறந்து பார்த்தாயா. காலையில் கோயிலில் பிரசங்கம் முழுவதும் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மதியம் கறி வெந்துகொண்டிருந்தபோது அடுப்புக்கு முன்னால் நின்று வாய்விட்டும் சொல்லிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. நான்கு மணிக்கு ஹெட்போனை மாட்டியதும் "என்னக்கா, கறியா மீனா?" என்று ஜெயசிங் கேட்டான். "கறி" என்றேன். அதோடு அந்த நான்கு சொல்லும் எங்கோ போய்விட்டன. திரையில் எனக்கு இடப்பக்கம், கொஞ்சம் முன்னால், அவனுடைய விமானம் பறக்கிறது. வெள்ளை உடம்பு, வாலில் நீலக்கோடு, நான்கு பேர் உட்காரக்கூடிய ஒற்றை விசிறி விமானம். என் தம்பி கோயம்புத்தூரில் அவன் மேஜைக்கு முன்னால் இருக்கிறான், நான் தூத்துக்குடியில் என் மேஜைக்கு முன்னால் இருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டரும் இணையத்தில் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால் அவன் விமானம் என் திரையில் தெரிகிறது, என்னுடையது அவன் திரையில் தெரியும். பதினெட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி என்றால் இதுதான். கீழே அருப்புக்கோட்டை. எங்களுடைய பழைய சிமுலேட்டரில், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற இந்த விளையாட்டில், அருப்புக்கோட்டை என்பது சாம்பல் நிறத்தில் நான்கு கட்டமும் ஒரு கோடும். எங்களுடைய என்று இப்போதும் மனசு சொல்கிறது பார். என்னுடைய என்று சொல்ல வேண்டும். அவன் திரையில் அருப்புக்கோட்டை எப்படி இருக்கிறதோ, வீடுகள் இருக்கின்றனவோ, மொட்டைமாடியில் துணி காய்கிறதோ. எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நேற்று மாலை ஐந்தேகாலுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அது வேறு.

புதுசு வாங்கலாம் என்று நினைத்தது நான்தான். அதிலிருந்துதான் எல்லாம். பழசு வாங்கி வைத்தபோது சிடியில் வந்தது, இப்போது அந்த சிடியைப் போட என் கம்ப்யூட்டரில் இடமே கிடையாது. மழை பெய்தால் ஊசி ஊசியாகத் தெரியும், கடல் ஒரு நீலத் துணி, மலை மடித்த காகிதம். எனக்கு அதெல்லாம் குறையாகப் பட்டதில்லை. ஆனால் போன மாதம், வந்து சில வருடமாகியும் நான் கண்டுகொள்ளாத புதியதைப் பற்றி ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன், நீளமான பட்டியல், மேகம், நிழல், அலை. எதற்கும் ஆசைப்படாமல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தபோது கடைசியிலிருந்து மூன்றாவது வரி. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக ஓடுபாதை விளக்குகளில் சிவப்பைக் கட்டமாகவும் வெள்ளையை வட்டமாகவும் காட்டும் வசதி. அந்த வரியை மூன்று முறை படித்தேன். ஓடுபாதைக்குப் பக்கத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். சரியான உயரத்தில் வந்தால் இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை. தாழ்ந்து வந்தால் நான்கும் சிவப்பு. உயர்ந்து வந்தால் நான்கும் வெள்ளை. விமானம் ஓட்டுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். ஜெயசிங்குக்கு நான்கும் எப்போதும் ஒரே மாதிரி நான்கு புள்ளி. அதனால் நான் முதலில் இறங்குவேன், ஓரமாக நிற்பேன், பிறகு அவன் விமானத்திலிருந்து தெரிகிற காட்சி என் திரையில் வரும்படி மாற்றிக்கொண்டு அவனுக்குச் சொல்வேன். மூன்று சிவப்பு, கொஞ்சம் ஏறு. இரண்டும் இரண்டும், அப்படியே வா. ஒரே ஒரு தடவை பாதியில் கரண்ட் போய்விட்டது. அன்றைக்கு அவன் ஓடுபாதைக்கு அரை பர்லாங் முன்னாலேயே காட்டுக்குள் இறக்கினான். கரண்ட் வந்ததும் போன் செய்து, "உன் தம்பி செத்துட்டான்க்கா, பிரியாணி போட்டுரு" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த மூன்றாவது வரியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: இவன் தானாக இறங்கலாம். நான் இல்லாமல். அப்படித் தோன்றியபோது கொஞ்சம் வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் அடுத்த மாதம் அவனுக்குப் பிறந்தநாள், ஐம்பது முடிகிறது, அதற்குள் இரண்டு பேருக்கும் புதுசு வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"அக்கா, எட்டயபுரம் தாண்டியாச்சு. சத்தத்தையே காணோம், தூங்கிட்டியா?" என்கிறான். இல்லை, மூக்கடைப்பு என்கிறேன். "நீ ஏசிய இருபத்திரண்டுல வைக்காதன்னு சொன்னா கேக்கியா" என்கிறான். அக்கறையான குரல்தான். நேற்று வரை இந்தக் குரலில் நான் எதையும் தேடிப் பார்த்ததில்லை. குரல் என்றால் குரல், தம்பி என்றால் தம்பி. இப்போது ஒவ்வொரு சொல்லையும் காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பதுபோல ஒடித்துப் பார்க்கிறேன். அவனுக்கு நிறம் தெரியாது என்பது அவனுடைய ஐந்து வயதில் எனக்கு மட்டும் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் சூரியனைப் பச்சையாகத் தீட்டிவிட்டு வந்து, மற்ற பிள்ளைகள் ஏன் சிரித்தார்கள் என்று என்னிடம்தான் கேட்டான். அப்பா அம்மாவிடம் சொல்லாதே என்றான். சொல்லவில்லை. கிரேயான் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றிலும் காகிதம் சுற்றி ஒட்டினேன்: சிவப்பு, பச்சை, தவிட்டு நிறம், ஊதா. பன்னிரண்டு துண்டுக் காகிதம், சோற்றுப் பருக்கையால் ஒட்டியது. அன்றிலிருந்து அவன் சூரியன் மஞ்சளாக இருந்தது. பத்தொன்பது வயதில் விமானி ஆகப் போகிறேன் என்று சென்னைக்குப் பரிசோதனைக்குப் போனான், புள்ளி புள்ளியாக அச்சடித்த புத்தகத்தைக் காட்டி என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னான், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டான். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தட்டை எடுத்துக்கொண்டு போனபோது, "அந்தப் புத்தகத்துல நீ ஒட்டலியேக்கா" என்றான். இத்தனை வருடத்தில் நிறத்தைப் பற்றி நான் அவனிடம் ஒரு பொய் சொன்னதில்லை. கல்யாணத்துக்குச் சட்டை எடுக்கும்போதுகூட. அவன் கட்டிக்கொள்ளப்போகிற பியூலா, தனக்குப் பிடித்த நிறத்தையே அவன் கேட்ட நிறம் என்று சொல்லிவிடச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள், நான் சொல்லவில்லை. தப்பாக இருந்தால் தப்பு என்றுதான் சொல்லியிருக்கிறேன். அப்படியிருக்க.

அப்படியிருக்க, கட்டடம். கட்டடத்துக்கு வரவேண்டும், சுற்றிச் சுற்றி அங்கேதான் வரவேண்டியிருக்கிறது. பழைய சிமுலேட்டரில் தூத்துக்குடி விமான நிலையம் என்பது ஒரு ஓடுபாதையும் அதன் பக்கத்தில் சோப்புக்கட்டி மாதிரி ஒரு வெள்ளைக் கட்டமும்தான். நான் இருபத்தொன்பது வருடமாக ஒரு இன்ஜினியர் ஆபீசில் வீட்டு வரைபடம் போடுகிறவள். சொந்த ஊர் சோப்புக்கட்டியாக இருப்பது பொறுக்கவில்லை. வரைய ஆரம்பித்தேன். பதினோரு வருடம். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்துக்குப் போவேன், போட்டோ எடுக்க விடமாட்டார்கள், அதனால் வாசலுக்கு வெளியே நின்று எண்ணுவேன். தூண் இத்தனை. ஜன்னலில் கண்ணாடி இத்தனை. வாசலிலிருந்து மரம் இத்தனை காலடி. துப்பாக்கியோடு நின்ற காவலர் ஒருநாள் பக்கத்தில் வந்து, "யாரை அனுப்ப வந்தீங்க?" என்றார். யாரையும் இல்லை என்றேன். "கூட்டிட்டுப் போகவா?" யாரையும் இல்லை. அவர் என் செருப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார், "வெயிலுக்கு அந்த வேம்புக்குக் கீழ நில்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வேப்பமரத்தையும் வரைந்தேன். வலப்பக்கக் கிளை ஒன்று வெட்டுப்பட்டிருக்கும், அதையும். கொஞ்சம் முடித்ததும் ஃபைலை ஜெயசிங்குக்கு அனுப்புவேன், அவன் தன் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வான், ஞாயிற்றுக்கிழமை இறங்கியதும் இரண்டு பேரும் விமானத்தைக் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு அதைப் பற்றியே பேசுவோம். ஆரம்பத்தில் அவன் குறை சொல்வான். படி மூணுக்கா, நாலு போட்டிருக்க. கொடிக்கம்பம் இன்னும் உயரம். கடைசியாகக் குறை சொன்னது எப்போது? யோசித்துப் பார்க்கிறேன், நேற்றிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். இரண்டு வருடம் இருக்கும். அதற்கப்புறம் எல்லாம் "அப்படியே இருக்குக்கா"தான். நான் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் முழுசாக முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பினேன். அந்த ஞாயிறு இறங்கி நின்றதும், "பாத்தேன்க்கா. கண்ணுல தண்ணி வந்துட்டு. வேப்பமரத்துல வெட்டுன கிளை மொதக்கொண்டு" என்றான். எனக்கும் வந்தது. அடுத்த ஞாயிறும் சொன்னான். போன ஞாயிறும் சொன்னான். நேற்று, புதுசு வாங்கினால் என் கட்டடத்தை அதில் ஏற்ற வழியிருக்கிறதா என்று தேடினேன். சரியாக வராது, ஆனால் கட்டிய ஃபைல் பழுதில்லாமல் இருந்தால் முயன்று பார்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். பழுது இருக்கிறதா என்று பார்க்க, அவனுக்கு அனுப்பிய அதே கட்டை என் சிமுலேட்டரிலேயே போட்டுத் திறந்தேன். என்னிடம் இருந்தது வரைந்துகொண்டிருந்தபோது வைத்த பிரதி. அனுப்பியதை நான் திறந்ததே இல்லை. திறந்தால் ஓடுபாதைக்குப் பக்கத்தில் வெறும் தரை. காணோம். திசைமாறி வைத்துவிட்டேனோ என்று நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். பிறகு மேலே பார்த்தேன். ஆகாயத்தில் தொங்கியது. தூண்கள், படிகள், ஜன்னல்கள், கொடிக்கம்பம், எல்லாம் அத்தனை ஒழுங்காக. வேப்பமரமும் வேர் இல்லாமல் பக்கத்தில் தொங்கியது. தரைமட்டத்தின் உயரம் எண்பத்துநான்கு அடி. கட்டு கட்டும்போது உயரம் கேட்கிற கட்டத்தில் எண்பத்துநான்கு என்று அடித்திருக்கிறேன். அந்தக் கட்டம் கேட்டது மீட்டரில். இருபத்தொன்பது வருடம் வரைபடம் போட்டவள், புதிதாக வருகிற பெண்களிடம் முதல் நாளே அளவுக்குப் பக்கத்தில் அடியா மீட்டரா என்று எழுது என்று சொல்கிறவள். ஐம்பத்தெட்டு மீட்டர் உயரத்தில், பத்தொன்பது மாடிக்கு மேலே, ஒரு விமான நிலையம். நான் சிரித்தேன். சத்தமாக, தனியாக, நாற்காலி ஆடும்படி. ஜெயசிங்கிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான், பியூலாவையும் கூப்பிட்டுக் காட்டுவான், "மதினி கட்டடம் பறக்குது பாரு" என்பான் என்று நினைத்தபோதுதான் சிரிப்பு நின்றது. மணி ஐந்தேகால். இதைத் திறந்தவன் கண்ணில் படாமல் இருக்கவே முடியாது. திறந்து பார்த்தவன் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடியாது. கண்ணில் தண்ணீர் வந்தது என்றானே. எதைப் பார்த்து வந்தது. எனக்குத் தெரியாமல் புதியதற்குப் போய்விட்டானோ.

"கடலோரமா சுத்தி வருவோமாக்கா, வழக்கம் போல?" சரி என்கிறேன். என் கையே ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்க்கிறது, அவன் வால் நீலக்கோடும் சாய்கிறது. கேட்டுவிடலாம், இப்போது கேட்டுவிடலாம். ஆனால் என் வாய் வேறொன்றைக் கேட்கிறது. "ஏல, புதுசு ஒண்ணு வந்திருக்காமே. வாங்குவோமா?" கொஞ்சம் தாமதம். என்னுடைய இன்டர்நெட் தாமதமா அவனுடைய தாமதமா என்று கணக்கிடுகிறேன். "அதெல்லாம் எதுக்குக்கா" என்கிறான். "உன் கம்ப்யூட்டர் தாங்காது. அதுபோக உன் கட்டடம் அதுல வராதுல்லா. பதினோரு வருச வேல. பழசே போதும் நமக்கு." நமக்கு. அந்தச் சொல்லை ஒடித்துப் பார்க்கிறேன், நடுவில் நார் இல்லாமல் பட்டென்று ஒடிகிறது, பிஞ்சுதான், அதுதான் பயமாக இருக்கிறது. பொய் சொல்கிறவனின் குரலில் ஒரு நடுக்கமாவது இருக்கவேண்டாமா. ஒருவேளை பொய்யே இல்லையோ. வேலை அதிகம், திறக்க நேரமில்லை, அக்கா மனசு நோகக்கூடாது என்று பார்த்தேன் என்று சொல்லியிருப்பான், அவ்வளவுதானோ. பிள்ளைகள் கிறுக்கிக் கொண்டுவருகிற படத்தைப் பார்க்காமலே அழகு, அழகு என்று சொல்கிறோமே. நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பச்சைச் சூரியனை அழகு என்று நான் சொல்லியிருந்தால் அவன் இன்று வரை பச்சையாகவே தீட்டிக்கொண்டிருப்பான். நிஜமாகவே பழையதில்தான் இருக்கிறானோ என்னவோ. நிஜமாகவே. இப்படி அவனுக்காக நான் வக்கீலாக நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, "அடேயப்பா, உப்பளம் என்னமா மின்னுதுக்கா!" என்கிறான்.

நான் கீழே பார்க்கிறேன். பச்சை. தருவைக்குளத்திலிருந்து கடற்கரை வரை ஒரே பச்சை, அமெரிக்காவிலோ எங்கேயோ எடுத்த புல்வெளியைத் திரும்பத் திரும்ப ஒட்டிய பச்சை. பழசில் உப்பளம் கிடையாது. பதினெட்டு வருடமாகக் கிடையாது. அதைப் பற்றி நாங்களே கேலி பேசியிருக்கிறோம், தூத்துக்குடிக்காரன் உப்புக்கு எங்கே போவான் என்று. அவனும் கவனித்திருக்க வேண்டும், உடனே "போன மாசம் பஸ்ல வரும்போது பாத்தது ஞாபகம் வந்துச்சு" என்கிறான். நான் "ம்" என்கிறேன். அவன் போன மாதம் வரவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு வரவே இல்லை. இணையத்தில் நாங்கள் சேர்கிற இடம் விமானத்தை மட்டும்தான் காட்டும், யார் எந்த சிமுலேட்டரில் இருக்கிறார் என்று காட்டாது. அவன் திரையில் பாத்தி பாத்தியாக உப்பு வெயிலில் மின்னுகிறது. வரப்பில் குவியல் இருக்குமோ, மேலே கீற்றுப் போட்டிருக்குமோ. எவ்வளவு நாளாக மின்னுகிறது? குறை சொல்வதை நிறுத்தி இரண்டு வருடம். அப்படியென்றால் இரண்டு வருடம். இரண்டு வருடமாக நான் ஜன்னல் கண்ணாடியை எண்ணியிருக்கிறேன். போன மே மாதம் வேப்பமரத்துக்காக மட்டும் நான்கு சனிக்கிழமை வெயிலில் நின்றேன், தலைசுற்றி அந்தக் காவலர் தண்ணீர் கொடுத்தார். அதை இவனிடம் சொன்னபோது, "உனக்கு எதுக்குக்கா இந்த வேல, உடம்பப் பாரு" என்று திட்டிவிட்டு, "மரத்த மட்டும் விட்டுராத" என்றான். விட்டுராத என்றானே. நான் நிறுத்தியிருப்பேன். நீ விட்டுராத என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். நீ புதுசுக்குப் போனது பெரிதில்லை ராசா, யாரும் போவார்கள், நானே போகத்தான் நினைத்தேன். அக்கா நான் போறேன், நீயும் வா என்று ஒரு வார்த்தை. இல்லை, நீ வராதே என்றாவது ஒரு வார்த்தை. அதை விட்டுவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் என் பக்கத்தில் பறக்கிற மாதிரி பறந்து, நான் பார்க்காத ஊரைப் பார்த்துக்கொண்டு. அந்தக் கட்டம் வட்டம் உன்னிடம் இருக்கிறதா? விளக்கு? அதையும் நீ. போன ஞாயிறும் தாழ்ந்துதான் வந்தான், அதற்கு முந்தைய ஞாயிறும். நான் ஏறு என்றதும் ஏறினான். நான் சொல்லவேண்டும் என்பதற்காகவே தாழ்ந்து வருகிறானோ. குழந்தை ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்கட்டும் என்று மெதுவாக ஓடுகிற பெரியவர் மாதிரி.

ஓடுபாதை தெரிகிறது. எனக்கு இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை. சக்கரம் தொட்டு, கொஞ்சம் துள்ளி, நின்று, ஓரத்துக்கு வருகிறேன். நேற்றுப் போட்ட கட்டை நான் எடுக்கவில்லை. என் தலைக்கு மேலே கட்டடம் தொங்குகிறது, அடிப்பக்கம் தெரிகிறது. அடிப்பக்கத்தை நான் வரைந்ததில்லை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று. அது வெறும் சாம்பல். "இறங்கிட்டியாக்கா? நான் கடைசித் திருப்பத்துல இருக்கேன். விளக்கச் சொல்லு." காட்சியை மாற்றுகிறேன். இப்போது அவன் விமானத்திலிருந்து பார்க்கிறேன், மூக்குக்கு முன்னால் ஓடுபாதை சின்னக் குச்சியாக இருக்கிறது, பக்கத்தில் நான்கு விளக்கு. இரண்டு, இரண்டு. "ரெண்டு சிவப்பு, ரெண்டு வெள்ளை." "ரைட்டு." பிறகு அவன் இறங்குகிறான், வழக்கம்போல அளவுக்கு மேல் இறங்குகிறான். மூன்று சிவப்பு. இப்போது நான் ஏறு என்று சொல்லவேண்டும். என் வாய் திறக்கிறது. "ரெண்டு சிவப்பு, ரெண்டு வெள்ளை" என்கிறது. யார் சொன்னது என்று எனக்கே ஒரு நொடி தெரியவில்லை. "ரைட்டுக்கா" என்கிறான். நான்கும் சிவப்பு. கீழே முள்காடு, காய்ந்த மண், அது மேலே மேலே வருகிறது. "சரியா இருக்கா?" என்று கேட்கிறான். "சரியா இருக்குல. ரெண்டும் ரெண்டும். அப்படியே வா." நான் அவனைக் கொல்லப் பார்க்கவில்லை, இது விளையாட்டு, விழுந்தால் திரை ஒரு நிமிடம் கருப்பாகும், பிரியாணி போடு என்பான், அவ்வளவுதான். ஆனால் நான் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு நான் கேட்பது ஒன்றே ஒன்று: விழு. விழுந்துவிடு ராசா. அந்த முள்ளுக்குள் போய் விழு. நீ விழுந்தால் உனக்கு என் கண் வேண்டும் என்று அர்த்தம். உப்பளத்தை நான் மறந்துவிடுகிறேன், கட்டடத்தை மறந்துவிடுகிறேன், திறந்து பார்த்தாயா என்று கேட்கவே மாட்டேன், உன் பொய்யையெல்லாம் மடித்து எங்காவது வைத்துவிடுகிறேன். நான் சொன்ன நிறத்தை மட்டும் நம்பி விழுந்துவிடு.

அவன் விமானத்தின் மூக்கு மெல்ல எழுகிறது. அவசரமே இல்லாமல், தெரிந்தவன் எழுப்புகிற மாதிரி, என்ஜின் சத்தம் கொஞ்சம் கூடுகிறது. நான்கு சிவப்பில் ஒன்று வெளுக்கிறது. பிறகு இன்னொன்று. இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை. முள்காடு கீழேயே கடந்து போகிறது. இத்தனை அழகாக அவன் இறங்கி நான் பார்த்ததில்லை, துள்ளவே இல்லை. "தேங்க்ஸ்க்கா" என்கிறான். "நீ சொல்லலன்னா இன்னைக்கும் காட்டுக்குள்ளதான்." சிரிக்கிறான். பின்னால் பியூலா, "இறங்கியாச்சா? காபி ஆறுது" என்பது கேட்கிறது. நான் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரியும். அவன் திரையில் நான்கு கட்டம் தெரிந்திருக்கும், ஒரு வட்டமும் தெரிந்திருக்காது, அக்கா இரண்டும் இரண்டும் என்றாள், அவன் விமானத்தை மட்டும் மேலே தூக்கிவிட்டு நன்றி சொல்கிறான். அக்காவுக்குக் கண் மங்குகிறது, பாவம், சொல்லவேண்டாம் என்று நினைத்திருப்பான். ஏமாற்றுகிறவன் மேல் கோபப்படலாம். பாவம் பார்க்கிறவனை என்ன செய்வது. புதுசு வாங்கவேண்டிய அவசியம் இல்லை. அதை யாருக்காக வாங்க நினைத்தேனோ அவனிடம் அது இருக்கிறது.

நீலக்கோடு போட்ட வால் மெதுவாக நகர்ந்து வந்து, எனக்குப் பக்கத்தில், எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்கிறது. இனி ஒரு வழக்கம் பாக்கி. நான் "நிறுத்தலாம்" என்பேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்ஜினை நிறுத்துவோம், இரண்டு விசிறியும் சேர்ந்து நிற்கும். அதற்கு முன்னால் கட்டடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அவன் மறக்கவில்லை. "அக்கா, கட்டடத்துக்கு நேர் முன்னால நிக்கேன். வேப்பமரம் காத்துல என்னமா ஆடுது." பழசில் மரம் ஆடாது. அவன் எந்த மரத்தைப் பார்க்கிறானோ, யார் வரைந்ததோ. "ஜெயசிங்கு" என்கிறேன். "சொல்லுக்கா." "மேல பாரு." "மேலயா?" "தலைக்கு நேர மேல. என்ன தெரியுது?" அவன் உண்மையாகவே பார்க்கிறான் என்பது எனக்குத் தெரிகிறது, மூச்சு கேட்கிறது, நாற்காலி கிறீச்சிடுகிறது. "ஒண்ணும் இல்லியேக்கா" என்கிறான். "வானம்தான் தெரியுது." வாய்தவறி வந்ததை விட்டால், இரண்டு வருடத்தில் அவன் தன் திரையைப் பார்த்து எனக்குச் சொன்ன முதல் உண்மை அது. "ஏன்க்கா? மேல என்ன?" நான் என் என்ஜினை நிறுத்துகிறேன். என் விசிறி இரண்டு சுற்று சுற்றி நிற்கிறது. அவனுடையது சுற்றிக்கொண்டே இருக்கிறது. "அக்கா? நிறுத்தலாமா?" என்கிறான். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைக்கிறேன். அதற்குள்ளிருந்து அவன் குரல் சின்னதாக வருகிறது, அக்கா, அக்கா. திரையில் தூண்கள் சரி, படிகள் மூன்று, வெட்டுப்பட்ட கிளை வலப்பக்கம், எல்லாம் இருக்கவேண்டிய இடத்துக்கு ஐம்பத்தெட்டு மீட்டர் மேலே. அதற்குக் கீழே அவன் விமானம், நான் நிறுத்தச் சொல்வேன் என்று, விசிறி சுற்றியபடி நிற்கிறது.